பெயரை மாற்றியவர் யார்?

இறைவன் முதல் மனிதருக்குக் கற்பித்த முதற் கல்வி எது என்று வினவினால், பொருள்களின் பெயர்கள் என்பதே திருமறை தரும் விடையாகும். 'அல்பகரா' அத்தியாயத்தின் 31ஆம் வசனம் இதனை அறிவிக்கிறது. வானவர்கள் சொல்ல இயலாமல் நின்ற பெயர்களை ஆதம் (அலை) அவர்கள் எடுத்துரைத்தார்கள். மனிதனின் மேன்மைக்கு முதற்சான்றே அவன் பெயர்களை அறிந்தவன் என்பதாக இருக்கும்போது, ஒன்றுக்குப் பெயர் வைக்கவும் வைத்த பெயரை மாற்றவும் உரிமை யாருக்கு உண்டு என்ற வினா அற்பமானதாக இருக்க முடியாது.

இவ்வினாவை நாம் கிதாபுகளில் தேடி எடுத்து வரவில்லை. அது கைப்பேசியின் வழியாக நம் வாசலுக்கே வந்து சேர்ந்தது.

கடலூர் முதுநகரிலும் சிதம்பரத்திலும் வாழும் உறவினரும் நண்பர்களுமான சில குடும்பத்தார், ஆண்டுதோறும் ரமளானில் தங்கள் ஜகாத்தை ஒன்றாகத் திரட்டி, கணவரை இழந்த பெண்களுக்கும் வறுமையுற்ற அநாதைப் பிள்ளைகளுக்கும் வழங்கி வருகின்றனர். மார்க்கச் சட்டத்தில் ஐயம் எழுந்தால் விளக்கம் சொல்லும் பொறுப்பை நம்மிடம் விட்டிருக்கிறார்கள். இந்தப் பணிக்கென ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. 'ஜகாத் மட்டும்' என்பது அதன் பெயர். 'மட்டும்' என்னும் சொல்லை வேண்டுமென்றே வைத்தோம். ஸதகா, ஃபித்ரா, பள்ளிவாசல் நன்கொடை ஆகியவை இதனோடு கலந்துவிடக் கூடாது என்பதற்காகவே அச்சொல் அங்கே காவல் நின்றது.

சென்ற ரமளானின் இறுதிப் பத்து நாட்களில் ஒரு நாள், அந்தப் பெயர் 'சமுதாய நிதி உதவி' என்று மாறிவிட்டது. இபாதத்தில் மூழ்கியிருந்த நேரம்; ஒருவரும் கவனிக்கவில்லை. வெளிநாட்டில் பணிபுரியும் அன்பர் ஒருவர், புதிய பெயரைப் பார்த்துவிட்டு, பள்ளிவாசலின் சுற்றுச்சுவருக்கும் பயன்படட்டும் என்று எழுதி ஒரு தொகையை அனுப்பினார். பெண்மணிகள் இருவர் தங்கள் பெற்றோர் பெயரால் ஸதகா அனுப்பினர். கணக்கர் எல்லாவற்றையும் ஜகாத் என்றே எண்ணி ஒரே கணக்கில் வரவு வைத்தார். பெருநாளுக்கு முந்திய இரவில்தான் குழப்பம் வெளிப்பட்டது.

குழுவின் உரையாடலை மேலே தள்ளிப் பார்த்தால், பெயரை மாற்றியவர் இன்னார் என்று ஒரு வரி தெளிவாக நிற்கிறது. அவர் குழுவின் அட்மின்களில் ஒருவர். கணிப்பொறித் துறையில் வேலை பார்க்கும் நல்ல பிள்ளை. பெரியவர்கள் சினந்தார்கள். "யாரைக் கேட்டு மாற்றினாய் தம்பி?" என்று கணக்கர் கேட்டார். "நான் மாற்றவே இல்லை" என்றார் அவர். அவருடைய பெயர் திரையில் இருக்கும்போது அந்தச் சொல்லை யார் நம்புவார்கள்? நோன்பு நோற்ற வாயால் பொய் சொல்கிறானே என்றுகூட ஒருவர் கூறிவிட்டார். அவர் கண்கள் கலங்கியதை நாம் பார்த்தோம்.

பின்னர் தனியே நம்மிடம் வந்து உண்மையை விளக்கினார். தம் கைப்பேசியில் வந்து குவியும் செய்திகளைச் சுருக்கித் தரவும் வரிசைப்படுத்தவும் ஒரு செயற்கை நுண்ணறிவு முகவரை அமர்த்தியிருந்தாராம். 'என் குழுக்களை ஒழுங்குபடுத்து' என்று ஒரே வரியில் அதற்கு ஏவலிட்டுவிட்டுத் தராவீஹ் தொழப் போய்விட்டாராம். அது ஒழுங்குபடுத்தியது. பெயர் மாறியது ஜகாத் குழு மட்டுமன்று. மூன்றாண்டுகளுக்கு முன் வஃபாத்தாகிவிட்ட தாயின் நினைவாக அவருடைய உடன்பிறந்தார் 'உம்மா வீடு' என்று ஒரு குழு வைத்திருந்தனர். அது 'குடும்பக் குழு 2' ஆகியிருந்தது.

"ஹஸ்ரத், நான் பொய் சொல்லவில்லை" என்றார். அவர் பொய் சொல்லவில்லைதான். திரையும் தன்னிடமிருந்த கணக்கின்படி உண்மையையே காட்டியது. அப்படியானால் பெயரை மாற்றியவர் யார்?

கருவியின் இயல்பு

தீர்ப்புக் கூறுமுன் பொருளை அறிந்துகொள்வது நம் முன்னோர் வகுத்த முறை. ஒரு பொருளைப் பற்றிய சட்டம், அப்பொருளைப் பற்றிய தெளிவின் கிளையே ஆகும் என்பது உசூல் கற்றோர் நன்கறிந்த விதி. ஆகவே இக்கருவி எப்படி இயங்குகிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டோம்.

இன்றைய செயற்கை நுண்ணறிவு, சொல்லுக்குச் சொல் விடை கூறுவதோடு நின்றுவிடவில்லை. அதன் கையில் 'கருவிகள்' கொடுக்கப்படுகின்றன. ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பெயரும், அது என்ன செய்யும் என்ற சிறு குறிப்பும், அதற்கு எவ்வெவற்றைத் தரவேண்டும் என்ற பட்டியலும் உண்டு. பெயர் மாற்றும் கருவி மிக எளியது. எந்தக் குழு, என்ன புதிய பெயர் என்ற இரண்டைக் கொடுத்தால் போதும். ஒரு நொடியில் வேலை முடிந்துவிடும். ஏவலிட்ட மனிதன் 'பெயரை மாற்று' என்று சொல்லவேண்டிய தேவையில்லை. 'ஒழுங்குபடுத்து' என்ற சொல்லைப் படித்து, அதற்குப் பெயர்மாற்றம் உதவும் என்று கணித்தால், அது தானே அக்கருவியை எடுத்துக்கொள்கிறது. இத்தகைய கருவிகளை இணைப்பதற்கு 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் 'மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால்' என்னும் பொது நெறியை வெளியிட்டது. கருவி செயற்படுமுன் அதனை மறுக்க வல்ல மனிதர் ஒருவர் நடுவில் இருப்பது நல்லது என்று அந்நெறியே பரிந்துரைக்கிறது. ஆனால் பரிந்துரை வேறு, கட்டாயம் வேறு.

இங்கே இரண்டு செயலிகளுக்கிடையே ஒரு வேறுபாடு சிந்திக்கத் தக்கது. டெலிகிராமில் 'பாட்' எனப்படும் தானியங்கி தன் சொந்தப் பெயருடன் குழுவில் உறுப்பினராகிறது. குழுவின் தலைப்பை 128 எழுத்துகளுக்குள் அது மாற்றலாம். ஆயினும் அதற்கு அட்மின் தகுதியும், விவரங்களை மாற்றும் உரிமையும் யாராவது ஒருவர் வழங்கியிருக்க வேண்டும். மாற்றினால் மாற்றியது இந்த பாட் என்றே திரை கூறும். நமது வாட்ஸ்அப் குழுவிலோ நிலைமை வேறு. அங்கே அந்த முகவர் இளைஞரின் கணக்குக்குள் நுழைந்து, அவருடைய முகத்தை அணிந்துகொண்டு செயற்பட்டது. அனுமதியற்ற தானியங்கிப் பயன்பாட்டை வாட்ஸ்அப் தன் விதிகளில் தடுத்திருக்கிறது. ஆனால் விதி தடுத்ததைக் கை செய்துவிடுகிறது. ஆகவே நடந்த தவறு ஒன்றன்று, இரண்டு. குழுவின் பெயர் மாறியது ஒன்று; மாற்றியவரின் பெயரும் மாறித் தோன்றியது மற்றொன்று. இரண்டாவதே நம் உள்ளத்தை அதிகம் உறுத்தியது.

பெயர் யாருடையது?

'ஒரு பெயர்தானே, திரும்ப மாற்றிவிட்டால் போயிற்று' என்று சிலர் கூறலாம். நம் சுற்றுப்புறத்தையே சற்று நோக்குவோம்.

சிதம்பரத்திற்குக் கிழக்கே கடற்கரையில் அமைந்த பரங்கிப்பேட்டைக்கு மூன்று பெயர்கள். போர்த்துகீசியர் அதனைப் 'புதிய துறைமுகம்' என்னும் பொருளில் போர்ட்டோ நோவோ என்றனர். முஸ்லிம்கள் மஹ்மூது பந்தர் என்றனர். பரங்கியர் வாழ்ந்த பேட்டை என்று தமிழ் மக்கள் அழைத்த பெயரே இன்று நிலைத்திருக்கிறது. 1781 ஜூலை முதல் நாள் ஹைதர் அலியும் ஆங்கிலத் தளபதி அயர் கூட்டும் மோதிய போர், ஆங்கில நூல்களில் போர்ட்டோ நோவோப் போர் என்றே வழங்குகிறது. மூன்று மக்கள், மூன்று மொழிகள், மூன்று நினைவுகள், ஓர் ஊர். ஒழுங்கை விரும்பும் ஒரு கணிப்பொறி இம்மூன்றில் இரண்டைத் தேவையற்ற மிகை என்று துடைத்துவிடக் கூடும். அது துடைப்பது எழுத்தை அன்று. ஒரு சமுதாயம் இவ்வூரில் எப்படி வந்து வாழ்ந்தது என்பதற்கான சான்றையே துடைத்துவிடும்.

கடலூரில் 1690ஆம் ஆண்டு தேவனாம்பட்டினத்துக் கோட்டையை ஆங்கிலேயர் மராத்தியரிடமிருந்து விலைக்கு வாங்கினார்கள். கோட்டையிலிருந்து பீரங்கிக் குண்டு சென்று விழும் தூரம் வரையுள்ள ஊர்களும் அந்த விலைக்குள் அடங்கின. வாங்கியவர்கள் கோட்டைக்குப் புனித தாவீது கோட்டை என்று பெயரிட்டனர். அங்கே வாழ்ந்த மீனவரையும் நெசவாளரையும் யாரும் கேட்கவில்லை. வலிமையுடையவன் பெயரிடுவான் என்பதற்கு அது சான்று. கோட்டை இடிந்துபோயிற்று, தேவனாம்பட்டினம் என்ற பெயரோ மக்கள் நாவில் இன்றும் வாழ்கிறது.

நம் மாவட்டத்தின் பெயரும் ஒரு பாடம். 1993 செப்டம்பர் 30ஆம் நாள் தென்னார்க்காடு மாவட்டம் இரண்டாகப் பிரிந்தபோது, நமது பகுதி தென்னார்க்காடு வள்ளலார் மாவட்டம் எனப்பட்டது. சிதம்பரத்தை அடுத்த மருதூரில் பிறந்து, வடலூரில் பசித்தோர்க்குச் சோறிட்ட இராமலிங்க அடிகளாரின் நினைவாக அப்பெயர் சூட்டப்பட்டது. 1997இல் தென் மாவட்டம் ஒன்றில் அரசுப் போக்குவரத்துக் கழகத்திற்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரைச் சூட்டியதை ஒட்டிச் சாதிக் கலவரம் மூண்டது. அதன் விளைவாக, மாவட்டங்களுக்கும் போக்குவரத்துக் கழகங்களுக்கும் இருந்த தலைவர்களின் பெயர்கள் அனைத்தையும் அரசு நீக்கிவிட்டது. வள்ளலார் பெயர் எவரையும் புண்படுத்தவில்லை. ஆயினும் பொது விதியில் அதுவும் போயிற்று. இன்று நாம் கடலூர் மாவட்டத்தினர். அந்த முடிவு சரியா, தவறா என்பது இங்கே நம் ஆய்வன்று. ஆனால் அதனை எடுத்தவர்கள் மக்களுக்குப் பதில் சொல்ல வேண்டிய நிலையில் இருந்தார்கள் என்பதை மறுக்க முடியாது.

மாநிலத்தின் பெயருக்காகச் சங்கரலிங்கனார் உண்ணாநோன்பிருந்து 1956 அக்டோபரில் உயிர் துறந்தார். சட்டமன்றம் 1967 ஜூலை 18இல் தீர்மானம் நிறைவேற்றியது. 1969 ஜனவரி 14இல்தான் தமிழ்நாடு என்ற பெயர் நடைமுறைக்கு வந்தது. ஒரு நொடியில் மாற்றத்தக்க எழுத்துகளுக்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. மாறாக, 2020 ஜூனில் வெளியான ஓர் அரசாணை, தமிழகத்தின் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை ஒரே வீச்சில் மாற்றிற்று. எதிர்ப்பும் கேலியும் எழவே, சில நாட்களிலேயே அது திரும்பப் பெறப்பட்டது. பலரைக் கலந்து மாற்றிய பெயர் நிலைத்தது. விரைந்து மாற்றியது நிற்கவில்லை.

நபிவழியில் பெயர் மாற்றம்

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பெயர்களை மாற்றியதுண்டு. உமர் (ரலி) அவர்களின் மகளார் ஒருவருக்கு 'மாறு செய்பவள்' என்னும் பொருள்படும் ஆஸியா என்ற பெயர் இருந்ததை, 'அழகி' என்னும் பொருளுள்ள ஜமீலா என்று மாற்றினார்கள். இழிந்த பட்டப்பெயர்களால் ஒருவரையொருவர் அழைக்கலாகாது என்று 'அல்ஹுஜுராத்' அத்தியாயம் விலக்குகிறது. ஆகவே பெயர் மாற்றம் தீயது என்று நாம் சொல்ல வரவில்லை. தீய பொருளை நீக்கி நல்ல பொருளை வைப்பது நபிவழியே ஆகும்.

ஆயினும் புகாரியில் பதிவான மற்றொரு நிகழ்ச்சியை நாம் மறந்துவிடலாகாது. ஸயீத் இப்னு முஸய்யப் (ரஹ்) அவர்களின் பாட்டனார் நபியவர்களிடம் வந்தார். பெயர் என்ன என்று கேட்டார்கள். 'ஹஸ்ன்' என்றார்; கரடுமுரடான நிலம் என்று அதன் பொருள். நீர் 'ஸஹ்ல்', அதாவது சமமான நிலம், என்று நபியவர்கள் கூறினார்கள். தந்தை இட்ட பெயரை மாற்ற மாட்டேன் என்று அவர் மறுத்துவிட்டார். நபியவர்கள் அவரை வற்புறுத்தவில்லை. அந்தக் கரடுமுரடு எங்கள் குடும்பத்தில் பின்னரும் தங்கிவிட்டது என்று பேரர் வருந்திக் கூறினார். வஹீ இறங்கப்பெற்ற திருத்தூதரே சிறந்த பெயரைச் சொன்னார்கள். மறுத்தவர் தவறிழைத்தார் என்பதில் ஐயமில்லை. என்றாலும் பெயருக்குரியவனுக்கு மறுக்கும் இடம் அங்கே இருந்தது. இயந்திரம் தேர்ந்தெடுத்த பெயர் நம்முடைய பெயரைவிடச் சிறந்ததாகவே இருந்தாலும், கேளாமல் மாற்றும் உரிமை அதற்கு எங்கிருந்து வரும்?

ஹிஜ்ரி 6ஆம் ஆண்டின் ஹுதைபிய்யா உடன்படிக்கை இன்னும் ஆழமான பாடம். உடன்படிக்கையை அலீ (ரலி) அவர்கள் எழுதினார்கள். 'அல்லாஹ்வின் தூதர் முஹம்மது' என்று எழுதப்பட்டதைக் குறைஷியரின் சார்பில் வந்த ஸுஹைல் இப்னு அம்ர் ஏற்கவில்லை. உம்மைத் தூதர் என்று நாங்கள் ஒப்பியிருந்தால் தடுத்திருக்கவே மாட்டோம்; தந்தை பெயரோடு எழுதுக என்றார். நபியவர்கள் இசைந்து, அதனை அழிக்குமாறு கூறினார்கள். அலீ (ரலி) அவர்களுக்கோ கை எழவில்லை. தம்மால் அழிக்க இயலாது என்றார்கள். நபியவர்கள் அந்த இடத்தைக் காட்டச் சொல்லித் தம் திருக்கரத்தால் அழித்தார்கள்.

பொது ஏடு என்பதால், எதிர்த் தரப்பாரின் ஒப்புதல் இல்லாத பெயரை அதில் நிறுத்தவில்லை. தமது பெயரின் அடைமொழியை நீக்கும் உரிமையைப் பெயருக்குரியவரே பயன்படுத்தினார்கள். அனைத்துக்கும் மேலாக, எழுத்தராக அமர்ந்தவர் தயங்கினார். ஏவப்பட்டதைச் செய்யும் இடத்தில் இருந்தும், அப்பெயர் எத்தகைய பெயர் என்பதை அவர் உள்ளம் அறிந்திருந்தது. 'உம்மா வீடு' என்ற பெயரை மாற்ற வேண்டிய இடத்தில் ஒரு மனிதன் நின்றிருந்தால், ஒரு கணமாவது அவன் விரல் தயங்கியிருக்கும். கருவியிடம் அந்தத் தயக்கம் இல்லை, இருக்கவும் முடியாது. ஆகவே அந்தத் தயக்கத்தை நாம்தான் வெளியிலிருந்து அதற்கு முன்னே வைக்கவேண்டும். மாற்றுமுன் மனிதனைக் கேட்கச் செய்வது என்பது, அலீ (ரலி) அவர்களின் தயக்கத்திற்கு ஓர் எளிய பதிலியே ஆகும்.

வக்கீலா, கால்நடையா?

இனி ஃபிக்ஹு நூல்களின் வழியே ஆராய்வோம். ஒருவருக்காக மற்றொருவர் செயற்படுவதை வகாலத் என்கிறோம். நீதிமன்றத்தில் வழக்காடுபவரைத் தமிழ் மக்கள் அனைவரும் வக்கீல் என்று அழைப்பது இந்த அரபுச் சொல்லிலிருந்து வந்ததே. வக்கீலாக அமர்பவர் பகுத்தறிவு உடையவராய் இருக்கவேண்டும். தமக்கு அளிக்கப்பட்ட அதிகாரத்தின் எல்லையைத் தாண்டலாகாது. எல்லை தாண்டியவர் 'ஃபுளூலி', அதாவது அதிகாரமின்றித் தலையிட்டவர், எனப்படுவார்.

ஃபுளூலியைப் பற்றி இமாம்களிடையே கருத்து வேற்றுமை உண்டு. உர்வா அல்பாரிகீ (ரலி) அவர்களிடம் நபியவர்கள் ஒரு தீனார் கொடுத்து ஓர் ஆடு வாங்கிவரச் சொன்னார்கள். அவர் இரண்டு ஆடுகளை வாங்கி, ஒன்றை ஒரு தீனாருக்கு விற்று, மற்றோர் ஆட்டையும் அந்தத் தீனாரையும் கொண்டுவந்து கொடுத்தார். நபியவர்கள் அவருக்கு பரக்கத் வேண்டி துஆ செய்தார்கள். ஏவாததைச் செய்தும் அது ஏற்கப்பட்டது. இதனைச் சான்றாகக் கொண்டு, ஃபுளூலியின் செயல் உரியவரின் ஒப்புதல் வரும்வரை நிறுத்தி வைக்கப்படும். ஒப்பினால் செல்லும் என்பர் ஹனஃபிகள். ஷாஃபிஈ மத்ஹபின் ஏற்கப்பட்ட கருத்தின்படி அது தொடக்கத்திலேயே செல்லாது. நம் பகுதியில் இரு மத்ஹபினரும் கலந்து வாழ்கிறோம். வேற்றுமை இருந்தாலும், உரியவரின் ஒப்புதல் இன்றி அச்செயல் நிறைவேறியதாகக் கொள்ளப்படாது என்பதில் இரு சாராரும் ஒன்றுபடுகின்றனர். பெயர்மாற்றம் விற்பனையன்று என்பது உண்மை. எனினும் பலருக்குப் பொதுவான ஒன்றில் அதிகாரமின்றிக் கைவைத்தல் என்ற காரணம் இரண்டிலும் உண்டு.

ஆனால் நம் முகவர் ஃபுளூலியும் ஆகாது. ஃபுளூலி என்பவன் சிந்திக்கும் மனிதன். அவனை அழைத்து ஏன் செய்தாய் என்று கேட்கலாம். நிய்யத் என்ற ஒன்று இயந்திரத்திற்கு இல்லை. அது முகல்லஃப் அன்று. மறுமையில் அதனிடம் விசாரணை இல்லை. ஏவலைப் படித்து வழியைத் தேர்ந்து தானே நடக்கும் அதனை, கையில் பிடித்த பேனாவைப் போன்ற உயிரற்ற கருவி என்று விட்டுவிடவும் மனம் ஒப்பவில்லை. நம் நூல்களில் இதற்கு நெருங்கிய உவமை எது என்று தேடினோம். கால்நடை என்று தோன்றிற்று.

கால்நடை தானே நடக்கிறது. ஆனால் பொறுப்பு ஏற்க முடியாது. தானாக அவிழ்ந்தோடிய பிராணி விளைத்த சேதத்திற்கு ஈடு இல்லை என்று பொதுவாக வந்த நபிமொழியை, அதனை ஓட்டுபவரோ ஏறியிருப்பவரோ உடன் இருக்கும்போது அவர் பொறுப்பாளர் என்று ஃபுகஹாக்கள் விளக்கினர். பராஉ இப்னு ஆஸிப் (ரலி) அவர்களின் ஒட்டகம் ஒரு தோட்டத்தில் புகுந்து சேதம் செய்தபோது, பகலில் தோட்டத்தைக் காப்பது தோட்டக்காரர் கடமை; இரவில் கால்நடையைக் கட்டி வைப்பது அதன் உரிமையாளர் கடமை என்று நபியவர்கள் தீர்ப்பளித்தார்கள். பிறர் விழித்திருந்து காக்க முடியாத நேரத்தில் அவிழ்த்து விட்டவனே ஈடு செய்யவேண்டும். நம் இளைஞர் தம் முகவரை அவிழ்த்து விட்டது இரவில். எல்லோரும் தராவீஹில் நின்ற வேளையில்.

இங்கே ஓர் எதிர்வாதம் எழும். வாட்ஸ்அப் குழுவில் அட்மின்கள் தடுக்காத வரை எந்த உறுப்பினரும் பெயரை மாற்றலாமே. செயலியே தந்த உரிமையைத்தானே பயன்படுத்தினார் என்பர். பூட்டாத கதவு நுழைவதற்கான அனுமதியாகிவிடாது என்பது நம் விடை. தோட்டத்திற்கு வேலி இல்லாதது ஒட்டகத்தின் உரிமையாகிவிடுமா? வேலி போடாத நாமும் ஓரளவு தவறியவர்களே என்பதையும் ஒப்புக்கொள்கிறோம்.

வேறு சிலர் நீதிமன்றத் தீர்ப்பை எடுத்துக்காட்டலாம். அட்மினாக இருப்பதொன்றே காரணமாக, பிறர் இட்ட பதிவுக்கு ஒருவரைக் குற்றவாளியாக்க முடியாது என்று சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2021 டிசம்பரிலும், கேரள உயர்நீதிமன்றம் 2022 பிப்ரவரியிலும் கூறின. மிக நேர்மையான தீர்ப்புகள். ஒருவர் சுமையை மற்றொருவர் சுமக்க மாட்டார் என்ற திருமறையின் நீதியோடு அவை ஒத்துப்போகின்றன. ஆனால் அங்கே செய்தவர் வேறு மனிதர். இங்கே செய்தது நாமே அவிழ்த்து விட்டது.

பாவம் வேறு, ஈடு வேறு

ஆயின் அந்த இளைஞர் குற்றவாளியா? இந்த இடத்தில்தான் நம் முன்னோரின் நுட்பம் நமக்குக் கைகொடுக்கிறது. தவறுதலாகவும் மறதியாகவும் நேர்ந்தவற்றின் பாவம் இந்தச் சமுதாயத்தை விட்டு நீக்கப்பட்டுள்ளது. ஆனால் பாவம் நீங்கினால் ஈடும் நீங்கிவிடும் என்று யாரும் சொல்லவில்லை. தவறுதலாக ஒருவரைக் கொன்றுவிட்டவருக்கும் தியத் கடமை என்று 'அந்நிஸா' அத்தியாயத்தின் 92ஆம் வசனம் விதிக்கிறது. பாவம் நிய்யத்தைப் பொறுத்தது. ளமான் எனப்படும் ஈட்டுப் பொறுப்பு விளைவைப் பொறுத்தது. 'நான் செய்யவில்லை' என்ற அவர் சொல் முதலாவதில் உண்மை. இரண்டாவதில் அது போதாது. பெரியவர்கள் இழைத்த தவறு, ஈட்டுக்குரியவரைப் பாவியாகக் கருதியது. இளைஞர் இழைக்கவிருந்த தவறு, பாவம் இல்லாததால் ஈடும் இல்லை என்று எண்ணியது. இரண்டையும் பிரித்துக் காட்டியபோது இரு சாராரின் உள்ளமும் தணிந்தது. பொய் சொல்கிறான் என்று கூறிய பெரியவர் அவரிடம் மன்னிப்புக் கேட்டார்.

சேதம் எவ்வளவு என்று அறிய வேண்டுமாயின், பெயர் அங்கே என்ன வேலை செய்தது என்பதை எண்ணவேண்டும். ஜகாத் பெறத்தக்கோர் எட்டு வகையினர் என்று 'அத்தவ்பா' அத்தியாயத்தின் 60ஆம் வசனம் வரையறுத்துள்ளது. பள்ளிவாசல் சுவர் அவற்றுள் ஒன்றன்று. வக்ஃபு செய்தவர் விதித்த நிபந்தனை சட்ட வாசகத்திற்கு நிகராக மதிக்கப்படும் என்பது ஃபுகஹாக்களின் விதி. கொடுப்பவர் எதைப் பார்த்து நிய்யத் வைக்கிறாரோ, அதுவே அவருடைய நிபந்தனைக்கு அடிப்படை. நம் குழுவில் அவர்கள் பார்த்தது பெயர் ஒன்றைத்தான். ஆகவே அந்தப் பெயர் ஓர் அலங்காரப் பலகையன்று. கொடுப்பவருக்கும் பெறுபவருக்கும் இடையே எழுதப்பட்ட உடன்படிக்கை.

இதனால் பெயரே மாறக்கூடாது என்று ஆகிவிடாது. தானே புயலும் 2015இன் வெள்ளமும் கண்ட நம் மாவட்டத்தில், ஒரு புயலின் நிவாரணத்திற்கென்று தொடங்கிய குழு பணி முடிந்த பின்னும் பழைய பெயரிலேயே நின்றால், அந்தப் பெயரை நம்பி இன்னும் பணம் வந்துகொண்டே இருக்கும். அங்கே பெயரை மாற்றாமல் விடுவதே மோசடிக்கு வழியாகும். பள்ளிப் பிள்ளைகளின் வகுப்புக் குழுக்களின் பெயரை ஆண்டுதோறும் மாற்றும் வேலையை இயந்திரம் செய்தால் ஆசிரியருக்கு உதவியே. மாற்றம் எதைக் காக்கிறது, யார் இசைந்தார், யார் பெயரில் நடந்தது என்ற மூன்றுமே கேட்கப்பட வேண்டியவை.

'அல்அன்பியா' அத்தியாயத்தில் ஒரு வழக்கு கூறப்படுகிறது. ஒரு கூட்டத்தாரின் ஆடுகள் இரவில் ஒரு விளைநிலத்தில் புகுந்து மேய்ந்துவிட்டன. ஆடுகளையே நிலத்துக்காரருக்குக் கொடுத்துவிடுமாறு தாவூது (அலை) அவர்கள் தீர்ப்பளித்ததாகத் தஃப்ஸீர்கள் கூறுகின்றன. ஸுலைமான் (அலை) அவர்களோ, ஆட்டுக்காரர் அந்த நிலத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் வரை நிலத்துக்காரர் ஆடுகளின் பயனை அனுபவிக்கட்டும். பிறகு அவரவர் பொருள் அவரவரிடம் சேரட்டும் என்றார்கள். ஈடு என்பது தண்டனைக்காக மட்டுமன்று. கெட்டதை முன்பிருந்தவாறு ஆக்குவதற்காகவும் என்பதை அத்தீர்ப்பு உணர்த்துகிறது.

அந்த வழியையே இளைஞரிடம் சொன்னோம். அவர் குழுவின் பெயரை மீண்டும் 'ஜகாத் மட்டும்' என்றாக்கினார். நடந்ததை மறைக்காமல் தம் பெயரிலேயே எழுதினார். இடைப்பட்ட நாட்களில் பணம் அனுப்பிய ஒவ்வொருவரையும் தாமே அழைத்து, எந்த நிய்யத்தோடு அனுப்பினார்கள் என்று கேட்டுக் கணக்கரிடம் பிரித்துக் கொடுத்தார். பெருநாள் தொழுகைக்கு முன்பே அந்த வேலை முடிந்தது. இனிமேல் முகவர் பெயரை முன்மொழியலாம். உறுப்பினர்கள் இசைந்த பின் ஒரு மனிதரே மாற்றவேண்டும் என்று குழுவினர் முடிவு செய்தனர். பெயரை மாற்றும் உரிமை இப்போது அட்மின்களுக்கு மட்டுமே.

'உம்மா வீடு' என்ற பெயரை அவர் திரும்ப வைத்தபோது, சிதம்பரத்திலுள்ள அவருடைய மூத்த சகோதரி, "உம்மா திரும்பி வந்த மாதிரி இருக்கு தம்பி" என்று எழுதினாராம். அந்தச் சகோதரி பெயர் மாறிய அன்றே கவனித்திருக்கிறார். தம்பியே மாற்றினான் என்றெண்ணி, மனம் வருந்தி, ஒன்றும் கேட்காமல் இருந்துவிட்டார். ஜகாத்தின் கணக்கை ஒரே இரவில் சரிசெய்துவிட்டோம். அந்தச் சகோதரி மௌனமாக வருந்திய நாட்களுக்கு எந்தக் கணக்கில் ஈடு எழுதுவது என்று நமக்குத் தெரியவில்லை.

நம் பெயரால் நடப்பவை அனைத்திற்கும் நாம் பதில் சொல்லவேண்டிய நாள் ஒன்று உண்டு. அந்நாளில் நம் ஏட்டில் காணப்படும் செயல்கள் நாம் அறிந்து செய்தவையாக இருக்க அருள்புரிவாயாக என்று வல்ல அல்லாஹ்விடம் இறைஞ்சுகிறோம். ஆமீன்.